பதின்மூன்று மீட்டர்

1965 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஜிம் ரையன் ஒரு மைல் ஓடினார். வயது பதினெட்டு. பள்ளிப் படிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. நேரம் 3 நிமிடம் 55.3 வினாடி. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருவர் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல். எட்டு மாதம் முன்புதான் டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர், 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர்.

அமெரிக்கப் பள்ளி மாணவர் ஓடிய மைல்களில் அதுவே வேகமானது என்ற பெயர் முப்பத்தாறு வருடம் நிலைத்தது. 2001 மே 27 அன்று, ஒரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில், ஆலன் வெப் என்ற இன்னொரு பதினெட்டு வயதுப் பையன் 3:53.43 ஓடி அதை முறியடித்தார்.

வித்தியாசம் 1.87 வினாடி. இந்த வேகத்தில் ஓடுகிறவர் வினாடிக்குக் கிட்டத்தட்ட 6.9 மீட்டர் கடக்கிறார். இரண்டு பையன்களையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டால், வெப் முடிவுக்கோட்டைத் தொடும் நொடியில் ரையன் சுமார் 13 மீட்டர் பின்னால் வந்துகொண்டிருப்பார். நம்மூர் பஸ் ஒன்றின் நீளம், அதற்கு மேல் ஓர் எட்டு.

'ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டால்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் எந்தத் தரையில் ஓடவிடுவது? காலில் என்ன மாட்டி, யார் முதுகுக்குப் பின்னால், எந்த ஊர்க் காற்றில்? ஸ்டாப்வாட்ச் இதில் எதையும் கேட்பதில்லை. பையனையும் அவனைச் சுற்றி இருந்த அத்தனையையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுத்துவிடுகிறது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பது சுவாரசியமான வேலை. அந்த 13 மீட்டர் யாருக்குச் சொந்தம் என்று விசாரித்தால் பங்காளிகள் ஒவ்வொருவராக வாசலில் வந்து நிற்பார்கள்.

தரை கேட்கும் பங்கு

ரையன் படித்தது கான்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில். சான் டியேகோவுக்கு ஆறு வாரம் முன்பு, மே 15 அன்று, மாநிலப் பள்ளிகளுக்கான போட்டியில் 3:58.3 ஓடியிருந்தார். கூட ஓடிய பள்ளிப் பையன்கள் யாரும் அவர் அருகில்கூட இல்லை. ஓடியது கரித்தடத்தில்.

கரித்தடத்தை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். பாய்லர்களில் எரிந்து மிஞ்சிய நிலக்கரிக் கசடை நொறுக்கி, பரப்பி, ரோலர் ஓட்டிக் கெட்டிப்படுத்திய தரை அது. காய்ந்தால் புழுதி, நனைந்தால் சகதி. எல்லோரும் உள்வட்டத்தை ஒட்டியே ஓடுவதால் அந்த ஒரு கோடு மட்டும் பெயர்ந்து, ஸ்பைக்ஸ் ஆணி குத்திய குழிகளோடு கிடக்கும். முதல் பந்தயத்தில் ஓடுகிறவருக்குக் கிடைக்கும் தரை, ஆறாவது பந்தயத்தில் ஓடுகிறவருக்குக் கிடைக்காது.

மெரினா மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இதன் இயற்பியலை விளக்க வேண்டியதில்லை. கால் பின்னுக்கு உதைக்கும்போது மணலும் பின்னால் நகர்கிறது. உதைத்த விசையில் ஒரு பகுதி உடம்பை முன்னே அனுப்பாமல் மணலைக் கிளறுவதிலேயே தீர்ந்துபோகிறது. கரித்தடம் மணல் அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் அதே ஜாதிதான்.

ஒரு கணக்குப் போடலாம். இந்த வேகத்தில் ஓடுகிறவரின் ஓர் எட்டு ஏறத்தாழ 2 மீட்டர். மைல் என்பது 1609 மீட்டர். ஆக, சுமார் 800 எட்டு. 13 மீட்டரை 800ஆல் வகுத்தால் 1.6 சென்டிமீட்டர். ஒரு விரற்கடைகூட முழுதாக வராது. ஒவ்வோர் எட்டிலும் கால் அந்த அளவு சறுக்கினால் போதும், முப்பத்தாறு வருடச் சாதனைக்கும் அதை முறியடித்த சாதனைக்கும் இடையிலுள்ள தூரம் முழுவதும் தரைக்குள் போய்விடும்.

ஒலிம்பிக் போட்டிகள் செயற்கைத் தடத்துக்கு மாறியது 1968இல், மெக்சிகோவில். ரையன் வளர்ந்ததும் பழகியதும் அதற்கு முந்தைய தரைகளில். வெப் பிறந்ததே 1983இல். அவர் யூஜினில் ஓடியது, கால் உதைத்ததை அப்படியே திருப்பித் தரும் செயற்கைத் தடத்தில்.

காற்று கேட்கும் பங்கு

மைலை நான்கு நிமிடத்தில் ஓடுவதென்றால் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம். சைக்கிளில் அந்த வேகத்தில் போகும்போது சட்டை படபடவென்று அடித்துக்கொள்ளும். ஓடுகிறவரின் மார்பிலும் அதே காற்றுதான் மோதுகிறது. நமக்குத்தான் வெளியிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

இதை அளந்து பார்த்தவர் கிரிஃபித் பியூ என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர். 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவுக்கு மூச்சு, ஆக்சிஜன், சாப்பாடு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கொடுத்த அதே மனிதர். காற்றை விசிறியால் வேகமாகச் செலுத்தும் அறைக்குள் டிரெட்மில்லை வைத்து, ஒருவரைத் தனியாகவும் பிறகு இன்னொருவருக்கு ஒரு மீட்டர் பின்னாலும் ஓடவிட்டு, அவர் உள்ளிழுக்கும் ஆக்சிஜனை அளந்தார். 1971இல் வெளியான அவர் கணக்குப்படி, நடுத்தூர ஓட்ட வேகத்தில் செலவாகும் ஆற்றலில் ஏழு, எட்டு சதவீதம் காற்றைப் பிளப்பதற்கே போகிறது. ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் அதில் பெரும்பகுதி மிச்சம்.

வெப் யூஜினில் வந்தது ஐந்தாவதாக. முதலில் வந்தவர் மொராக்கோவின் ஹிஷாம் எல் குரூஜ், நேரம் 3:49.92. 1999இல் ரோமில் அவர் ஓடிய 3:43.13தான் இன்றுவரை மைல் ஓட்டத்தின் உலக சாதனை. அப்படிப்பட்டவர்கள் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் ஓடும் வாய்ப்பு வெப்புக்குக் கிடைத்தது. விச்சிட்டாவில் ரையனுக்கு முன்னால் காற்றைத் தவிர யாரும் இல்லை. நியாயமாகச் சொன்னால், சான் டியேகோவில் அவருக்கும் துரத்துவதற்கு ஓர் ஒலிம்பிக் சாம்பியன் இருந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 2025 ஜூனில் கென்யாவின் ஃபெய்த் கிப்யேகோன், நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடும் முதல் பெண்ணாக ஆக முயன்றார். முன்னும் பின்னும் துணை ஓட்டக்காரர்களை அணிவகுத்து நிறுத்தி, காற்றை மறைத்தால் முடியும் என்று ஆய்வாளர்கள் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பாரிஸில் அவர் ஓடிய நேரம் 4:06க்கும் 4:07க்கும் இடையில். தன் உலக சாதனையான 4:07.64ஐ விடக் கொஞ்சம் மிச்சப்படுத்தினார். ஆனால் காகிதம் சொன்ன எட்டு வினாடி கிடைக்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையின் கணக்குகளையும், என் விரற்கடைக் கணக்கையும் சேர்த்து, சற்றுச் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும்.

காலில் இருப்பதும் இல்லாததும்

காலணியில் ஒவ்வொரு 100 கிராம் கூடும்போதும் ஓடும் செலவு சுமார் ஒரு சதவீதம் கூடுகிறது. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த அளவு. காரணம் எளிது. இடுப்பில் கட்டிய சுமை உடம்போடு சீராகப் போகிறது. பாதத்தில் கட்டிய சுமையோ ஒவ்வோர் எட்டிலும் நின்று, மறுபடி வீசப்பட்டு, மறுபடி நிற்கிறது. கிணற்றுக் கயிற்றின் நுனியில் கட்டிய வாளி மாதிரி.

கடந்த சில ஆண்டுகளில் காலணி வெறும் சுமை என்ற நிலையும் மாறிவிட்டது. சாலை ஓட்டத்துக்கு வந்த புதுவகைக் காலணிகள் ஆற்றல் செலவை நான்கு சதவீதம் வரை குறைப்பது ஆய்வகத்தில் தெரிந்தது. இறகு கனத்தில், மிதித்ததும் நசுங்கி உடனே துள்ளி எழும் நுரை. அதற்குள் ஒரு விறைப்பான தகடு. அதே நுட்பம் தடத்தில் ஓடும் ஸ்பைக்ஸ் காலணிக்கும் வந்தது. போட்டி போட்டுக்கொண்டு அடிப்பாகம் தடித்துக்கொண்டே போகவே, தடப் போட்டிகளில் 20 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2024 நவம்பர் முதல் வரம்பு கட்டியது.

இப்போது புதிய பையன்களைப் பாருங்கள். நார்வேயின் யாகோப் இங்கெபிரிட்சென் 2017இல், பதினாறு வயதில், 3:58.07 ஓடியபோது அந்த வயதில் யாரும் அப்படி ஓடியதில்லை. 2023இல் ஆஸ்திரேலியாவின் கேமரன் மையர்ஸ் அதே பதினாறு வயதில் 3:55.44 ஓடினார். 2025 மார்ச்சில் நியூசிலாந்தின் சாம் ரூத் பதினைந்து வயதிலேயே 3:58.35 ஓடி, நான்கு நிமிடத்தை உடைத்தவர்களில் மிக இளையவர் ஆனார். மூன்று பையன்களும் அசாத்தியத் திறமைசாலிகள் என்பதில் சந்தேகமில்லை. ரூத்தின் பாட்டி 1970 காமன்வெல்த் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்றவர். தாத்தா 1971 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் மாரத்தான் வெள்ளி வென்றவர். இரத்தத்திலேயே இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது. ஆனால் பாட்டி தந்த இரத்தம் எத்தனை வினாடி, புதிய நுரை எத்தனை வினாடி என்று பிரித்துச் சொல்ல எந்தக் கடிகாரத்துக்கும் தெரியாது.

இதற்கு நேர் எதிர்முனையில் ஒரு பெண். தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபான்டெய்ன் நகரில் வளர்ந்த ஜோலா பட், 1984 ஜனவரி 5 அன்று ஸ்டெல்லன்போஷில் 5000 மீட்டரை 15 நிமிடம் 1.83 வினாடியில் ஓடினார். வயது பதினேழு. வெறுங்காலில் ஓடினார், காலணிச் சுமை சுத்தமாகப் பூஜ்யம். அன்றைய உலக சாதனையைவிட ஆறு வினாடிக்கு மேல் குறைவு. ஆனால் சாதனைப் பட்டியலில் அது ஏறவே இல்லை. நிறவெறி ஆட்சி காரணமாகத் தென்னாப்பிரிக்கா சர்வதேசத் தடகளத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தது. அந்த மண்ணில் நடந்த ஓட்டம் கணக்கில் வராது.

ஓடும் சூழல் என்றால் தரையும் காற்றும் வானிலையும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். ஒரு நாட்டின் அரசியலும் ஓட்டத்தடத்தில்தான் கிடக்கிறது. அதே நாட்டில் கறுப்பினப் பெண்பிள்ளைகள் எத்தனை பேருக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் பார்க்க ஆள் இருந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். அளக்கப்படாத திறமை எந்த ஒப்பீட்டிலும் வருவதில்லை. பின்னர் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற ஜோலா பட், 1985இல் லண்டனில் 14:48.07 ஓடி முறையான உலக சாதனையையும் படைத்தார்.

ஊட்டி உயரத்தில் ஓர் ஒலிம்பிக்

பத்தொன்பது வயதில் மைல் உலக சாதனையை 3:51.3க்குக் கொண்டுவந்து, அடுத்த வருடமே 3:51.1 ஆக்கிய ரையன், 1968இல் மெக்சிகோ நகருக்குப் போனார். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியின் உயரமும் அதேதான். ஊட்டியில் பஸ் விட்டிறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறியவர்களுக்கு அந்தக் காற்றின் குணம் தெரியும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு.

நூறு மீட்டர் ஓடுகிறவருக்கு இது வரம். ஓட்டம் பத்து வினாடியில் முடிந்துவிடும். மூச்சு பெரிய விஷயமில்லை. மெல்லிய காற்று வழிவிடுகிறது. 1500 மீட்டரில் கதையே வேறு. அதற்குத் தேவையான ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் ஆக்சிஜனை நம்பியே கிடைக்கிறது. 3 நிமிடம் 39 வினாடி ஓடினால் இந்த உயரத்தில் தங்கம் நிச்சயம் என்று ரையன் கணக்குப் போட்டிருந்தார். அதைவிட வேகமாகவே ஓடினார், 3:37.8. ஆனால் கென்யாவின் கிப் கெய்னோ 3:34.9இல் ஓடி முடித்து, இருபது மீட்டர் முன்னால் நின்றார்.

கெய்னோ பிறந்து வளர்ந்தது நந்தி மலைப் பகுதியில். மெக்சிகோவின் காற்று அவருக்குச் சொந்த ஊர்க் காற்று. உயரத்தில் வாழ்கிறவரின் உடல் அங்குள்ள ஆக்சிஜனுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது: இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன, மூச்சு ஆழமாகிறது. ஒரு மாதம் முன்னால் போய்த் தங்கிப் பழகினாலும் பிறந்ததிலிருந்து பழகியதற்கு ஈடாகாது. அன்று தோற்றதால் ரையனின் திறமையில் ஒரு கிராம்கூடக் குறைந்துவிடவில்லை. ஊர் மாறியது, அவ்வளவுதான்.

அப்படியானால் கென்யர்களின் வெற்றிக்கு உயரம் ஒன்றுதான் காரணமா? இதை விசாரிக்கப் போனவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெங்த் சல்தீன். 1990களில் அவர் குழு கென்ய ஓட்டக்காரர்களையும் ஸ்காண்டிநேவிய ஓட்டக்காரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தது. உச்சபட்சமாக உடல் உள்வாங்கும் ஆக்சிஜனில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் சிக்கனத்தில் இருந்தது: ஒரே வேகத்தில் ஓட கென்யர்களுக்குக் குறைவான ஆக்சிஜன் போதும். அவர்களுடைய முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி மெலிந்து, இலேசாக இருந்தது. காலணியின் 100 கிராம் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் சதையிலேயே அந்த மிச்சம் கிடைத்துவிட்டால் அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை.

பிறகு டென்மார்க் ஆய்வாளர்கள் ஓட்டப் பயிற்சியே இல்லாத நந்தி இனப் பையன்களை அளந்தார்கள். ஒரே இனம், ஒரே உயரம்; ஆனால் கிராமத்துப் பையன்களின் ஆக்சிஜன் திறன் டவுன் பையன்களைவிட அதிகம். மாடு மேய்த்து, வயலில் வேலை செய்து, பள்ளிக்கும் காலாலேயே போய்வந்த உடம்பு அது. 'பயிற்சி இல்லாதவர்கள்' என்று நாம் பட்டியலில் எழுதுகிறோம். அவர்கள் கால்களுக்கு அந்தப் பட்டியல் தெரியாது.

இதோடு ஊர்ச் சூழலையும் சேர்க்க வேண்டும். 2400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஈத்தென் என்ற சிற்றூரின் புனித பாட்ரிக் பள்ளிக்கு, 1976இல் அயர்லாந்திலிருந்து கோல்ம் ஓ'கானல் என்ற துறவி புவியியல் ஆசிரியராக வந்தார். தடகளப் பின்னணி எதுவும் இல்லாதவர். பையன்கள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே பயிற்சியாளரானார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1:40.91இல் ஓடிய டேவிட் ருடிஷா அவர் தயாரித்தவர். அந்த ஊரில் விடியற்காலையில் செம்மண் சாலையில் ஓடப் போகும் பதினாறு வயதுப் பையனுக்குப் பக்கத்திலேயே உலக சாம்பியன் ஓடிக்கொண்டிருப்பார். விச்சிட்டாவில் ரையனுக்குக் கிடைக்காத துணை இது.

நாற்பது சுற்றும் ஒரு துளி இரத்தமும்

பயிற்சியில் இருக்கும் வேறுபாடு இன்னும் ஆச்சரியமானது. ரையனின் பயிற்சியாளர் பாப் டிம்மன்ஸ் நீச்சலும் கற்றுக்கொடுத்தவர். நீச்சல்காரர்கள் குளத்தில் மறுபடி மறுபடி நீந்துவதுபோல ரையன் தடத்தில் மறுபடி மறுபடி ஓடினார். அவர் செய்த பயிற்சிகளில் பேர்போனது, 440 கெஜத் தடத்தில் வேகமாக ஒரு சுற்று, சிறு ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. இப்படி நாற்பது சுற்று. கூட்டினால் பதினாறு கிலோமீட்டர், அத்தனையும் பள்ளி வயதில். எவ்வளவு தாங்கும் என்பதற்கு அளவுகோல் பையனின் முகமும் கையிலிருந்த கடிகாரமும்தான்.

ஐம்பது வருடம் கழித்து, நார்வேயின் சாண்ட்னெஸ் ஊரில், குளிர்காலக் காலை. இங்கெபிரிட்சென் டிரெட்மில்லில் ஆறு நிமிடம் ஓடிவிட்டு இறங்குகிறார். காதுமடலில் ஊசி நுனியால் ஒரு சின்னக் குத்து. பாசிப்பருப்பு அளவில் ஒரு துளி இரத்தம். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் கருவி மாதிரியே ஒன்றின் பட்டையில் அதை ஒற்றுகிறார்கள். சில வினாடியில் திரையில் ஓர் எண்: லாக்டேட்டின் அளவு.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த எண் ஒன்றை ஒட்டி இருக்கும். ஓட ஓட ஏறும். ஓர் எல்லை வரைக்கும் தசை உண்டாக்கும் லாக்டேட்டை உடலே எரிபொருளாக்கித் தீர்த்துவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் வரவு செலவைவிட மிஞ்சி, குவிந்துகொண்டே போகும். அசதியும் கூடவே ஏறும். நார்வே முறையின் சூட்சுமம் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே நிற்பது. எண் இரண்டரை, மூன்றை ஒட்டியிருந்தால் சரி. ஏறினால் வேகத்தைக் குறை. களைத்து விழாததால் அன்று மாலையே அதே மாதிரி இன்னொரு பயிற்சி செய்ய முடிகிறது. தானே 5000 மீட்டர் ஓட்டக்காரராக இருந்த மருத்துவர் மாரியஸ் பாக்கன், தன் உடம்பிலேயே ஆயிரக்கணக்கான தடவை இரத்தம் எடுத்து அளந்து வகுத்த வழி இது.

நம் வீட்டில் பால் காய்ச்சுவதுதான் இதற்குச் சரியான உவமை. பொங்கி வழிந்தால் அடுப்பும் பாழ், பாலும் பாழ். பொங்கும் தறுவாயிலேயே தீயை வைத்திருக்கத் தெரிந்தால் பால் சுண்டச் சுண்ட ருசிக்கும். ரையனிடம் தீயின் அளவைக் காட்டும் கருவி இல்லை; அவர் உடம்பு அந்தப் பொங்கலைத் தாங்கியது. அதே நாற்பது சுற்றில் உடைந்துபோன பையன்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது.

எந்த வயதில் அளப்பது?

இதுவரை சொன்னதெல்லாம் பையனுக்கு வெளியே இருப்பவை. பெரியவர்களை ஒப்பிடும்போது இல்லாத ஒரு சிக்கல் இளையோரிடம் உண்டு. அளந்துகொண்டிருக்கும்போதே அளக்கப்படும் பொருள் மாறிக்கொண்டிருக்கிறது.

எட்டாம் வகுப்பு அறையை எட்டிப் பாருங்கள். கடைசி பெஞ்சில் ஒருவனுக்கு மீசை அரும்பி, குரல் உடைந்திருக்கும். முதல் பெஞ்சில் அதே பிறந்த வருடத்துக்காரன் இன்னும் குழந்தை முகத்தோடு இருப்பான். கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து வளர்ச்சி வயதைக் கணித்தால் இருவருக்கும் மூன்று, நான்கு வருட வித்தியாசம்கூட இருக்கலாம். முதலாமவனுக்கு இதயம் பெருத்திருக்கும், ஹீமோகுளோபின் ஏறியிருக்கும், கால் நீண்டிருக்கும். விளையாட்டு விழாவில் கோப்பை அவனுக்குத்தான். 'திறமைசாலி' என்று நாம் தட்டிக்கொடுப்பது பல சமயம் சீக்கிரம் வளர்ந்துவிட்டதைத்தான்.

பெண்பிள்ளைகளிடம் இதே கடிகாரம் வேறுவிதமாக ஓடுகிறது. பருவமடையும்போது இடுப்பு அகன்று, உடலில் கொழுப்புச் சேர்வது இயற்கை. ஓரிரு வருடம் ஓட்டநேரம் தேங்கி நிற்பதும் சகஜம். பொறுத்திருந்தால் தாண்டிவரலாம். எடையைக் குறைத்து நேரத்தைப் பிடிக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மேரி கெய்ன் சாட்சி. பதினேழு வயதில், 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிச்சுற்று வரை வந்தவர். எடையைக் குறை, இன்னும் குறை என்ற நெருக்கடியில் மூன்று வருடம் மாதவிடாய் நின்றுபோனதையும் ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019இல் அவரே வெளியே சொன்னார். சாப்பாட்டில் கிடைக்கும் ஆற்றல் ஓட்டத்துக்கே தீர்ந்துபோனால், உடம்பு முதலில் இனப்பெருக்கச் சுரப்பிகளின் கணக்கை மூடுகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு வலுவிழக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பைச் சேமிக்கும் வயதில் நடக்கும் நஷ்டம் இது.

இன்னும் கீழே இறங்கினால் ஒடிசாவின் புதியா சிங். 2006 மே மாதம், பூரியிலிருந்து புவனேசுவரம் வரை 65 கிலோமீட்டரை ஏழு மணி இரண்டு நிமிடத்தில் ஓடியபோது அவனுக்கு வயது நான்கு. நாடே கைதட்டியது, பிறகு அரசு தலையிட்டு அப்படி ஓடுவதைத் தடுத்தது. உடல் எடையோடு ஒப்பிட்டால் சின்னக் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம். வெளிச்சூடு உடல்சூட்டைவிட ஏறினால் வெப்பத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும். வியர்வையும் குறைவு. அந்த மே மாதச் சாலையில் கடிகாரம் அளந்தது அவனுடைய எதிர்காலத் திறமையை அல்ல. ஒரு குழந்தை எவ்வளவு தாங்கும் என்பதை அளந்தது. அளக்கவே கூடாத ஒன்று அது.

பாகப்பிரிவினை

மறுபடி அந்த 13 மீட்டருக்கு வருவோம். தரை ஒரு சதவீதம் கேட்டாலே இரண்டு வினாடிக்கு மேல். சொத்து முழுவதும் அதற்கே போய்விடும். காற்றும் காலணியும் பயிற்சி முறையும் தங்கள் பங்கைக் கேட்டால், 13 மீட்டர் முன்னால் நிற்க வேண்டியவர் ரையன் என்றுகூட வாதாடலாம். வெப் தரப்பிலும் வாதம் உண்டு. அவர் காலத்தில் போட்டியின் தரம் எங்கோ ஏறிவிட்டது. 3:55.3 என்ற எண் பிறந்ததிலிருந்தே அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாரத்தோடு ஓடினார். அதே எண்தான் பள்ளி வயதில் இது முடியும் என்று அவருக்குச் சொன்னதும். ஒருவகையில் முப்பத்தாறு வருடம் முன்னாலிருந்து ரையன் அவருக்குக் காற்றை மறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது சுத்தமான திறமை என்று நினைக்கத் தோன்றும். அப்படிக் கழிக்க முடியாது என்பதுதான் இந்தக் கணக்கிலிருந்து நான் கற்றுக்கொண்டது. கரித்தடம் ரையனிடமிருந்து வினாடிகளைப் பிடுங்கியது; அதே கரித்தடம்தான் அவர் கால்களை உருவாக்கியது. நந்தி மலை கெய்னோவுக்கு மூச்சைக் குறைத்துக் கொடுத்தது. அப்படித்தான் இரத்தத்தைக் கொடுத்தது. பாலையும் தண்ணீரையும் அன்னப்பறவை பிரிக்குமாம். ஸ்டாப்வாட்ச் அன்னப்பறவை இல்லை.

வெப் 2007இல் 3:46.91 ஓடி அமெரிக்கச் சாதனை படைத்தார். பிறகு காயங்கள் துரத்த, எதிர்பார்த்த உயரத்துக்கு மறுபடி வரவில்லை. ரையனுக்கு ஒலிம்பிக் தங்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. பதினெட்டு வயதில் எடுத்த எண் இருவருக்கும் வரப்போவதைச் சொல்லவில்லை.

ரையனின் வாழ்க்கையில் இன்னோர் எண் இருக்கிறது. சிறுவயதில் வந்த தட்டம்மையால் பாதிக் காது கேட்காமல் போன பையன். தேவாலயத்துப் பேஸ்பால் அணியில் சேர்க்கவில்லை. பள்ளியில் கூடைப்பந்து அணியிலும் சேர்க்கவில்லை. 1962இல், பதினைந்து வயதில், முதன்முறையாக மைல் ஓடிப் பார்த்தார். நேரம் 5 நிமிடம் 38 வினாடி. அன்று வெப்பின் பக்கத்தில் அவரை நிறுத்தி ஓடவிட்டிருந்தால், கோட்டில் இடைவெளி 13 மீட்டராக இருந்திருக்காது. கிட்டத்தட்ட 500 மீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கும் மேல்.

அந்த எண்ணைப் பார்த்துவிட்டும் டிம்மன்ஸ் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பின்னொரு நாள், போட்டிக்குப் போய்த் திரும்பிய பஸ்ஸில், பக்கத்தில் உட்காரவைத்து, உன்னால் நான்கு நிமிடத்துக்குள் ஓட முடியும் என்று சொன்னார். இரண்டே வருடத்தில், 1964 ஜூன் 5 அன்று, ரையன் 3:59.0 ஓடினார். அந்தப் பந்தயத்தில் அவருக்குக் கிடைத்தது எட்டாவது இடம்.